முட்டுச்சந்தும் முச்சந்தியும்

வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். நூல் பிடித்து அளந்தால் 100 மீட்டர். நடந்து போனாலோ 1.5 கிலோமீட்டர், ஏனென்றால் அந்தக் குடியிருப்புக்கு ஒரே வாசல், அதுவும் எதிர்த்திசையில்.

நகரம் பரவுகிறது என்றதும் நாம் பரப்பளவைத்தான் நினைக்கிறோம். தெருக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது அதைவிட முக்கியம். அளப்பதும் எளிது: ஓர் இடத்தில் எத்தனை தெருக்கள் வந்து கூடுகின்றன என்று எண்ணினால் போதும். தமிழ் இதை ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறது. முட்டுச்சந்து 1, முச்சந்தி 3, நாற்சந்தி 4. (2 என்றால் வெறும் வளைவு, கணக்கில் வராது.) ஓர் ஊரில் இந்த எண்களின் சராசரி குறைந்தால் சுற்றுவழி கூடுகிறது.

கட்டம் கட்டமான தெருக்களில் 3 கட்டம் கிழக்கே, 3 கட்டம் வடக்கே போக வேண்டுமா? ஒரே தூரத்தில் 20 வழிகள் உண்டு. மரக்கிளைபோல் பிரிந்து முட்டி நிற்கும் தெருக்களில் ஒரே வழிதான். பால் வாங்கப் போகிறவரும் வெளியூர் லாரியும் அதே பிரதான சாலையில் சேர்கிறார்கள். அப்புறம் அதை அகலப்படுத்தச் சொல்லிக் கேட்கிறோம்!

நடுத்தர நகரங்களில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. விளிம்பில் நிலம் துண்டு துண்டாக விற்பனையாகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் மனை பிரிக்கிறார். பக்கத்து மனைப்பிரிவோடு தெருவைச் சேர்ப்பது அவர் கவலை இல்லை. முட்டுச்சந்தில் அமைதி உண்டு, பிள்ளைகள் விளையாடலாம், விலையும் கிடைக்கும். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் புதிய தெருக்களின் பிணைப்பு பல பத்தாண்டுகள் சரிந்து, 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல மீண்டதாக 2015-இல் பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மீண்டது புதிய தெருக்கள்தான். பழையவை அப்படியேதான் இருக்கின்றன. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை நகர்த்த வேண்டுமானால் இருபுறமும் உள்ள மனைக்காரர்களின் நிலத்தில் கை வைக்க வேண்டும்.

இரண்டு முட்டுச்சந்துகளுக்கு நடுவே 2 மீட்டர் அகலத்தில் ஒரு நடைவழி விட்டால், கார் வராது, அமைதியும் கெடாது, பள்ளிக்கூடமும் 100 மீட்டரில் வந்துவிடும். ஆனால் அதை மனை விற்பதற்கு முன்பே வரைபடத்தில் விட்டுவிட வேண்டும். சுவர் எழும்பிவிட்டால் அந்த 2 மீட்டர் யாருடையது என்ற பேச்சு தொடங்கிவிடும்.