உமிழ்நீரில் உறவினரைத் தேடுதல்: மரபணு ஒப்பீடு செயல்படும் விதம்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய இந்தியர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று மாவட்டத்தின் பெயரைப் படிக்க முடிகிற இடத்திலும், எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் இன்றைய எந்த ஊர் என்று தெரியாமல் போவதுண்டு. அந்த இடத்தில் நின்றுவிட்ட பல குடும்பங்கள் இப்போது உமிழ்நீரைக் குப்பியில் அடைத்துச் சோதனை நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. திரும்பி வருவது உறவினர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

மனித மரபுத்தொகுதியில், அதாவது நம் டி.என்.ஏ. முழுவதிலும், சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி எல்லோருக்கும் ஒன்றே என்பதால், ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடிய ஆறு, ஏழு லட்சம் இடங்களை மட்டும் ஒரு சில்லு படிக்கிறது. இருவருடைய வரிசைகளை அருகருகே வைத்து, இடைவெளியின்றி நீளமாக ஒத்துப்போகும் துண்டுகளைக் கணினி தேடுகிறது. இங்கே நீளம்தான் முக்கியம். சிதறலாக ஆயிரம் இடங்கள் ஒத்துப்போவதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஒரு நீண்ட துண்டு முழுதும் ஒத்துப்போனால், அதை இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து பெற்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

துண்டு ஏன் தலைமுறைக்குத் தலைமுறை சிறுக்கிறது? கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, நம் தாயிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் (குரோமோசோம்) தந்தையிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் சில இடங்களில் வெட்டுப்பட்டு ஒன்றோடொன்று பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன; அப்படிக் கலந்த ஒன்றே பிள்ளைக்குப் போகிறது. ஒரு தலைமுறையில் இரண்டு இடங்களுக்கு நடுவே இந்த வெட்டு விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு சென்டிமார்கன். தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற மரபியலாளரின் பெயரால் அமைந்த இந்த அலகில்தான் உறவு அளக்கப்படுகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பொதுவானது சுமார் 3,400 சென்டிமார்கன். தாத்தாவும் பாட்டியும் பொதுவாக உள்ள இருவருக்குச் சராசரியாக 12.5 விழுக்காடு, அதாவது 850-ஐ ஒட்டிய அளவு. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பொதுவாக இருந்தால் 230 அளவில் வரும். எள்ளுத்தாத்தா தலைமுறைக்குப் போனால் அது 70 அளவுக்குக் குறைந்து, பத்தில் ஒருவருக்குப் பொதுத் துண்டு எதுவும் தென்படாமலே போகும். அதற்கும் ஒரு தலைமுறை மேலே போய்ச் சந்திக்கும் உறவினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒருவரையொருவர் பட்டியலில் காண மாட்டார்கள். பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு இருந்த 1,024 முன்னோரிடங்களில் சுமார் பாதிப்பேரின் டி.என்.ஏ. நம் உடலில் துளியும் இல்லை என்பது கணக்கு. அவர்கள் நம் முன்னோர் அல்லர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்ணைத் தமிழ்க் குடும்பத்துக்குள் கொண்டுவரும்போது ஒரு சங்கடம் உண்டு. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், பங்காளி. மாமன் மகன் மச்சான், பெண் கொடுத்து எடுக்கும் முறை. சோதனைக்கு இருவரும் ஒன்று. இருவருக்கும் அதே 12.5 விழுக்காடுதான். இதைவிடப் பெரிய சங்கடம், அந்த மச்சான் முறைத் திருமணங்களே எண்ணை ஊதிப் பெருக்கிவிடுகின்றன என்பது. அண்ணன் மகனும் தங்கை மகளும் மணந்தால், அவர்களுடைய பிள்ளைக்கு எட்டுக்குப் பதிலாக ஆறு கொள்ளுத்தாத்தா பாட்டிகளே இருப்பார்கள். அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்த வீட்டில், தந்தையைப் பெற்றவர்களே தாய்க்குத் தாய்வழித் தாத்தா பாட்டியாகவும் இருப்பார்கள். முதல் எடுத்துக்காட்டில் வரும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு தம்பி இருந்ததாகவும், அவருடைய பேரன் சோதனை செய்துகொண்டதாகவும் கொள்வோம். அந்தப் பேரனுக்கு நம் பிள்ளை தந்தை வழியிலும் உறவு, தாய் வழியிலும் உறவு. ஆகவே 230 வரவேண்டிய இடத்தில் 460-ஐ ஒட்டிய எண் வரும். இது தந்தையின் சொந்த அத்தை மகனோடு ஒருவருக்கு வரக்கூடிய அளவு. நிறுவனத்தின் மென்பொருள் சொந்தத்தில் மணம் முடிப்பது அரிதான சமூகங்களின் கணக்கை வைத்து எழுதப்பட்டிருந்தால், ஒரு தலைமுறை நெருக்கமான உறவை அச்சிட்டுக் கொடுத்துவிடும்.

சொந்தத்தில் மணம் முடிக்காத குடும்பங்களும் இதிலிருந்து தப்புவதில்லை. தெற்காசியாவில் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் மிக நீண்ட காலமாக இருந்து வருவதால், ஒரே சாதியைச் சேர்ந்த இருவர் பழைய முன்னோர் பலரிடமிருந்து சிறு சிறு துண்டுகளைப் பொதுவாகப் பெற்றிருப்பார்கள். 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்களில் இந்த நெருக்கம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட அதிகம் என்று காட்டியது. ஆகவே கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மொத்தம் 70 சென்டிமார்கன் என்பது இரண்டு துண்டுகளில் வந்தால் பொது முன்னோர் அண்மையில் இருக்கலாம். எட்டு எட்டாக ஒன்பது துண்டுகளில் வந்தால் அது பெரும்பாலும் சாதியின் பழங்கதையே. ஏழு சென்டிமார்கனுக்கும் குறைவான துண்டுகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது நல்லது. காரணம், ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் இரண்டு எழுத்துகளில் எது தாய் தந்தது, எது தந்தை தந்தது என்று சில்லுக்குத் தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒட்டினால் இல்லாத பொருத்தமும் இருப்பதுபோல் தோன்றும்.

இன்ன மாவட்டத்து வழி, இத்தனை விழுக்காடு தென்னிந்தியர் என்று வண்ண வரைபடமாக வருவது வேறு கணக்கு. நிறுவனத்திடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்ட மதிப்பீடு அது. உறவினரைத் தேடுபவருக்கு அதனால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை.

உறவுமுறையைப் பிரித்துக் காட்டக்கூடியவை ஒய் நிறமூர்த்தமும் இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ.வும். ஒய் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும். குலதெய்வமும் பொதுவாக இதே வழியில் போவதால், ஒரே கோயிலில் முடி இறக்கும் பங்காளிகளின் ஒய் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தத்து எடுத்த வீடுகள் விலக்கு. 16,569 எழுத்துகள் கொண்ட இழைமணி டி.என்.ஏ. தாய்வழியே வருவது, தென் மாவட்டங்களில் சில சமூகங்கள் தாய்வழியில் கணக்கிடும் கிளையும் அப்படித்தான் வருகிறது. ஆனால் எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தோம் என்பதை இவ்விரண்டும் துல்லியமாகச் சொல்வதில்லை. கடல் கடந்த ஒரு குடும்பத்துக்குக் குலதெய்வத்தின் பெயரும் ஊரும் நினைவில் இருந்தால், பல வேளைகளில் அது சோதனையைவிட நேரான வழி என்பது என் கருத்து.

பட்டியலில் வருபவர் தாமும் சோதனை செய்தவராக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. தரவுத்தளங்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கரும் ஐரோப்பியரும். வட ஆற்காட்டுக் கிராமத்தார் மிகக் குறைவு. ஆகவே டர்பன் தமிழருக்கு முதலில் கிடைப்பவர், அதே கப்பலில் வந்த இன்னொருவரின் வழித்தோன்றலாகவோ, மொரிஷியசுக்கோ ஃபிஜிக்கோ போன உடன்பிறந்தவரின் வழித்தோன்றலாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி மூவர் ஒரே இடத்தில் ஒரே துண்டைப் பகிர்ந்து, மூவரின் கப்பல் பட்டியலிலும் ஒரே ஊர் இருந்தால், அங்கே போய் விசாரிக்கலாம்.

யாருடைய உமிழ்நீரை அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். 1865-ஐ ஒட்டிக் கப்பலேறியவரின் வழியில் 1940-இல் பிறந்த பாட்டிக்கு, ஊரில் தங்கிவிட்ட அவருடைய உடன்பிறந்தவரின் வழியில் வந்த அதே தலைமுறை உறவினர் பட்டியலில் தென்பட ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உண்டு. 1990-இல் பிறந்த பேரனுக்கும் அந்த உறவினரின் பேரனுக்கும் இடையே அந்த வாய்ப்பு மிகச் சிறிது. பாட்டி சம்மதித்தால் முதல் குப்பி அவருடையதாக இருக்கட்டும். எதிர்பாராத பெற்றோரையோ அறியாத உடன்பிறப்பையோ இச்சோதனை வெளிப்படுத்திவிடக்கூடும் என்பதை அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.