மைனஸ் 5 வோல்ற் விழுகிறதா? முதலில் கப்பாசிற்றரைப் பாருங்கள்

“10 மைக்ரோதானே, எது இருந்தாலும் போடலாம்.” கப்பாசிற்றரை, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பைப் பற்றி, யாழ்ப்பாணத்தில் மின்சுற்றுப் பலகை திருத்துபவர்களிடமும் புரொஜெக்ற் செய்யும் மாணவர்களிடமும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மற்ற இடங்களில் ஓரளவுக்குச் சரிவரும். பிளஸ் 5 வோல்ற்றை மைனஸ் 5 ஆக்கும் 7660 போன்ற ஐசிகளைச் சுற்றி மட்டும் சரிவராது. ஐசி பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரும் இந்த வகைப் பலகைகள் பலவற்றில் ஐசி நன்றாகவே இருக்கும். பிழை பக்கத்தில் நிற்கும் கப்பாசிற்றரில்.

இந்தச் சுற்றில் சுருளும் இல்லை, மின்மாற்றியும் இல்லை. ஒவ்வொரு சுழற்சியின் முதல் பாதியில் ஐசிக்குள் இருக்கும் சுவிச்சுகள் முதல் கப்பாசிற்றரை 5 வோல்ற்றில் ஏற்றும். அடுத்த பாதியில் அதையே கழற்றித் தலைகீழாக இரண்டாவது கப்பாசிற்றரோடு இணைக்கும். துலாவில் தண்ணீர் இறைப்பது போலத்தான்: ஐசி துலா என்றால், முதல் கப்பாசிற்றர் தண்ணீர் அள்ளும் பட்டை. வெளியே போகும் மின்னோட்டம் முழுவதும் அதற்குள் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். அலையைத் தட்டையாக்கும் துணைப்பொருளாக அதை நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஐசிஎல் 7660 இன் தரவுத்தாளின்படி வெளியீட்டுத் தடையில், அதாவது மின்னோட்டம் எடுக்கும்போது வோல்ற்றை விழுத்தும் தடையில், சுவிச்சுகளின் பங்கு ஏறக்குறைய 46 ஓம். அதை நாம் மாற்ற முடியாது. இறைக்கும் மீடிறன் 5 கிலோஹேர்ட்ஸ், செக்கனுக்கு 5000 தரம். 10 மைக்ரோபரட் போட்டால் அதனால் வருவது 20 ஓம். இதற்கு மேல் கப்பாசிற்றரின் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர். இரண்டாவதன் ஈஎஸ்ஆர் ஒரு தரம் சேரும். முதலாவதன் ஈஎஸ்ஆர் நான்கு மடங்காகச் சேரும். காரணம், முதலாவது பாதி நேரம் ஏறுகிறது, பாதி நேரம் இறங்குகிறது. அதனால் இரண்டு வேளையிலும் வெளியீட்டைப் போல இரு மடங்கு மின்னோட்டம் அதில் ஓடும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் இரண்டு நான்காகிறது.

கிணற்று நீரின் உப்பை அளக்கும் ஒரு கருவியை எடுங்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீரை நம்பி வாழும் நமக்கு அந்த அளவீடு சின்ன விசயம் இல்லை. நீருக்குள் நேரோட்டம் விட்டால் மின்வாய்கள் கெட்டு அளவு பிழைக்கும் என்பதால் ஆடலோட்டம் வேண்டும். அதற்குப் பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும். மைனஸ் பக்கம் 10 மில்லிஆம்ப் எடுக்கிறது என்று வைப்போம். நல்ல கப்பாசிற்றர் என்றால் மொத்தத் தடை 67, 68 ஓம், 4.3 வோல்ற் கிடைக்கும். லாச்சியில் கிடந்து காய்ந்த எலக்ற்ரோலிற்றிக் (உள்ளே மின்பகு திரவம் உள்ள வகை), இரண்டிலும் ஈஎஸ்ஆர் 10 ஓம் என்றால் தடை 116 ஓம், 3.8 வோல்ற்தான். “அரை வோல்ற்தானே” என்று விடாதீர்கள். வெளியீட்டு வோல்ற் ஏறி இறங்கும் அலையையும் பாருங்கள்: நல்லதில் 100 மில்லிவோல்ற்றை ஒட்டி நிற்பது, காய்ந்ததில் 300 ஆகிறது. மீற்றரின் நேரோட்ட அளவில் இது தெரியாது. நீரின் அளவீட்டுக்குள் போய்க் கலந்துவிடும். ஒருவர் அந்த எண்ணை நம்பித்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார்.

சரி, செராமிக் போட்டால் ஈஎஸ்ஆர் பிரச்சினை தீருமே? தீரும், ஆனால் வேறொன்று வரும். எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகைகள் நேரோட்ட அழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவை இழக்கும். 10 மைக்ரோ, 6.3 வோல்ற் என்று விற்கும் மிகச் சிறிய ஒன்றை 5 வோல்ற்றில் வைத்தால் பாதிக்கும் மேல் போய்விடலாம். 4 மைக்ரோதான் மிஞ்சினால் அந்த 20 ஓம் 50 ஆகும். அதனால் 5 வோல்ற் வேலைக்கு 16 அல்லது 25 வோல்ற் எழுதிய, உருவில் சற்றுப் பெரிய எக்ஸ்7ஆரை எடுங்கள். ஒய்5வி வகைச் செராமிக் வேண்டவே வேண்டாம். வெப்பநிலை மாற்றம் மட்டுமே அதன் கொள்ளளவில் 82 சதவீதம் வரை குறைக்கலாம்.

எலக்ற்ரோலிற்றிக்தான் கிடைக்கிறது என்றால் அதில் எழுதியிருக்கும் உச்ச வெப்பநிலையில் 85 பாகை, 105 பாகை வேறுபாட்டைப் பாருங்கள். 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 65 பாகை என்று கொண்டால், ஆயுள் 2000 மணித்தியாலம் என்று போட்ட 85 பாகைக் கப்பாசிற்றர் 8000 மணித்தியாலம் போகும், ஒரு வருடம்கூட இல்லை. அதே 2000 மணித்தியாலம் போட்ட 105 பாகையுடையது 32,000 மணித்தியாலம், மூன்றரை வருடத்துக்கும் மேல். பழைய ரிவிப் பலகையில் கழற்றியதை இந்த இடத்துக்குப் போடவே கூடாது. தந்தாலம் வகைக் கப்பாசிற்றர் என்றால் வோல்ற் அளவை இரட்டிப்பாக எடுங்கள்; அது பழுதானால் குறுஞ்சுற்றாகி எரியக்கூடும்.

முனையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெளியீடு மைனஸ். ஆகவே இரண்டாவது கப்பாசிற்றரின் பிளஸ் கால் பூமிக்குப் போகவேண்டும். பழக்கதோசத்தில் மைனஸ் காலைப் பூமிக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் உடனே வெடிக்காது, மெல்லச் சூடாகி, வோல்ற் இறங்கி, பிறகு வீங்கும். வோல்ற்றை நிலையாக்கித் தரும் சில இறைப்பு ஐசிகளில் தொடங்கும் கணத்தில் முதல் கப்பாசிற்றரின் முனை மாறலாம். அங்கே முனையில்லாத செராமிக் மட்டும்தான்.

பழைய தராசு, பில் அடிக்கும் இயந்திரங்களில் வரும் மாக்ஸ் 232 என்ற தரவுத் தொடர்பு ஐசியும் இதே இனம். அதற்கு 1 மைக்ரோ வேண்டும். 232ஏ என்றால் 0.1 போதும். 232ஏ இன் இடத்தில் 232 ஐப் போட்டுவிட்டு 0.1 ஐ அப்படியே விட்டால் தரவு இடையிடையே அறுபடலாம்.

100 மைக்ரோ போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு: 20 ஓம் 2 ஆகும், 46 அப்படியே நிற்கும். கூடுதல் மின்னோட்டம் வேண்டுமானால் மாக்ஸ் 660 இருக்கிறது, வெளியீட்டுத் தடை 6.5 ஓம் அளவு. ஆனால் அது 5.5 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. 9 வோல்ற் பற்றரியில் ஓடும் 7660 இன் இடத்தில் அதைச் செருகாதீர்கள். 12 வோல்ற் சோலார் பற்றரியில் சாதாரண 7660 உம் தாங்காது, அதன் எல்லை 10.

பொருத்திய பிறகு வெறும் வெளியீட்டை அளப்பதில் பயனில்லை. சுமை இல்லாதபோது கெட்ட கப்பாசிற்றரும் மைனஸ் 5 ஐக் காட்டும். வெளியீட்டுக்கும் பூமிக்கும் இடையில் 470 ஓம் தடையைப் பிடித்துக்கொண்டு அளவுங்கள். 4.3, 4.4 என்றால் நல்லது. 4 வோல்ற்றை ஒட்டி வந்தால் கப்பாசிற்றரைக் கழற்றி, ஈஎஸ்ஆர் காட்டும் கொம்போனன்ற் ரெஸ்ரரில் வையுங்கள். கொள்ளளவு மட்டும் காட்டும் மீற்றர் அதை நல்லது என்றே சொல்லக்கூடும்.