'நாம்' என்று எழுதினால் அறிவியல் ஆகாதா?

கொழும்பில் பட்டப்பின்படிப்பு மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைச் சஞ்சிகைக்கு அனுப்புமுன் ஆங்கிலம் திருத்திக் கொடுப்பது என் தொழில். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறிய வைத்தியர்களிடமும் விவசாய விஞ்ஞானிகளிடமும், 'நான்', 'நாம்' என்று எழுதினால் கட்டுரை நிராகரிக்கப்படும் என்ற அச்சம் ஊறிப்போயிருக்கிறது. மேற்பார்வையாளர் அப்படிச் சொன்னார்; அவருக்கு அவருடைய ஆசிரியர் சொன்னார்.

அந்த விதி அவர்கள் நினைக்கும் அளவுக்குப் பழையதல்ல. லண்டன் ரோயல் சொசைட்டியின் சஞ்சிகை 1665இல் தொடங்கியபோது அதில் வந்தவற்றுள் பல கடிதங்களே. 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய நியூட்டன், தாம் ஓர் அரியம் வாங்கியதையும், அறையை இருட்டாக்கி யன்னல் கதவில் சிறு துளை இட்டதையும் 'நான்' என்று தன்மையிலேயே சொல்கிறார். பின்னர், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆய்வுகூடமும் கருவியும் முன்னுக்கு வர, செய்தவர் மெல்ல மறைந்து செயப்பாட்டு வினை பெருகியது. அப்போதும் 1953இல் வொட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ கட்டமைப்பை அறிவித்த கட்டுரையை 'நாம்' என்றே தொடங்கினார்கள். அதை வெளியிட்ட நேச்சர் சஞ்சிகை இன்று செய்வினையையே விரும்புவதாகத் தன் எழுத்தாளர் வழிகாட்டலில் சொல்கிறது.

செயப்பாட்டு வினை முழுவதும் குற்றம் என்று நான் கருதவில்லை. குருதி மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கியின் ஆளியை யார் அழுத்தினார் என்பதை எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அண்மையில் ஒரு வரைவில், "குருதி மாதிரிகள் பெறப்பட்டுப் பொருத்தமான முறையில் சேமிக்கப்பட்டன; சில நோயாளிகள் நீக்கப்பட்டனர்" என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. விசாரித்தபோது, மாதிரிகளில் ஒரு பகுதியை விடுதித் தாதியர் எடுத்திருந்தனர், மீதியை மாணவரே எடுத்திருந்தார். குளிரூட்டப்படுமுன் கழிந்த நேரமும் இரண்டுக்கும் வேறு. நோயாளிகளை நீக்கும் முடிவு, தரவைப் பார்த்த பின் எடுக்கப்பட்டது. மதிப்பாய்வாளர் முதலில் கேட்கக்கூடிய இரண்டு விடயங்களையும் இலக்கணம் மூடி வைத்திருந்தது. முடிவெடுத்தவர் இருக்கும் இடங்களில் 'நாம்' வரத்தான் வேண்டும்.

அடுத்த மாற்றம் சொற்களில் நிகழ்ந்தது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் 1974 முதல் 2014 வரை வந்த கட்டுரைச் சுருக்கங்களை ஆராய்ந்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், 'புதுமையான', 'உறுதியான', 'முன்னெப்போதும் இல்லாத' போன்ற புகழ்ச்சிச் சொற்கள் வரும் சுருக்கங்கள் 2 வீதத்திலிருந்து 17.5 வீதமாக உயர்ந்ததைக் கண்டனர். கண்டுபிடிப்புகள் அந்த அளவுக்குப் பெருகின என்று நம்ப எனக்குத் தயக்கம், பெருகியது போட்டி.

2022 நவம்பரில் சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு எழுத்துக் கருவி வந்தபின் மாற்றத்தின் வேகமே வேறு. உயிரியல் மருத்துவச் சுருக்கங்களில் 'டெல்வ்' (ஆழ ஆராய்தல்) போன்று அக்கருவி விரும்பிப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்கள் திடீரெனப் பெருகியதை வைத்து, 2024இல் குறைந்தது 13.5 வீதமானவை இத்தகைய கருவிகளின் உதவியோடு எழுதப்பட்டவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள நம்மவர்க்கு அந்த உதவி பெரியதுதான். ஆனால் அந்தச் சொற்களைப் பார்த்த கணமே சந்தேகிக்கும் மதிப்பாய்வாளர்கள் இப்போது இருக்கிறார்கள், சொந்தமாக எழுதியவரும் அதில் அகப்படலாம்.

ஆகவே என்னிடம் வருபவர்களை, எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புகிறார்களோ அதில் கடந்த ஓராண்டில் வந்த இரண்டு மூன்று கட்டுரைகளின் முறையியல் பகுதியை முதலில் வாசிக்கச் சொல்கிறேன். பீடத்துக்குக் கொடுக்கும் ஆய்வேட்டில் பீடத்தின் கைநூல் சொல்வதே சட்டம். அங்கே வாதிட்டுப் பயனில்லை. சஞ்சிகைக் கட்டுரையில் மேற்பார்வையாளர் 'நாம்' என்பதை வெட்டினால், அந்தச் சஞ்சிகையின் வழிகாட்டலை அச்சிட்டு வரைவோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது.