தள்ளாடி நடந்தா தண்ணி தானா? லித்தியம் சாப்பிடறவங்க வீட்ல இதைக் கொஞ்சம் படிங்க

நான் கிருஷ்ணகிரில பிசியோதெரபிஸ்ட். மனநல டாக்டர் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன். முட்டி வலி, இடுப்பு வலி, பக்கவாதம் வந்தவங்க, பைக்ல விழுந்தவங்க, இவங்க தான் தினமும் என்கிட்ட வர்ற கூட்டம். ஆனா அப்பப்ப "பேலன்ஸ் இல்லீங்க, அடிக்கடி தடுமாறி விழறாரு"ன்னு யாராவது வருவாங்க, மாத்திரை அட்டைய வாங்கிப் பாத்தா அதுல லித்தியம் இருக்கும், இல்லன்னா வால்ப்ரோயேட் இருக்கும். ரெண்டும் பைபோலாருக்கு, அதாவது மனசு ஒரேயடியா ஏறியும் இறங்கியும் மாறற வியாதிக்குக் குடுக்கற மாத்திரை. ஆனா பைபோலார்னு வாயால சொல்ல மாட்டாங்க. "நரம்பு மாத்திரை சாப்பிடறாரு"ம்பாங்க, அதோட முடிஞ்சுது பேச்சு.

ஒருத்தரைப் பத்தி சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விஷயத்தை மாத்தியிருக்கேன். மாங்கா சீசன் ஆரம்பிச்ச நேரம், வெயில் மண்டைய பொளக்குது. மண்டில கிரேட் தூக்கற வேலை அவருக்கு, அம்பது வயசுக்குள்ள தான் இருக்கும். முட்டி வலிக்கு கரண்ட் வெக்கணும்னு சம்சாரம் கூட்டிட்டு வந்தாங்க. உள்ள வந்து உக்காந்தப்புறம் தான் பாக்கறேன், ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. வாசப்படிலயே கழண்டு கெடக்கு. கழண்டதே அவருக்குத் தெரியல.

அந்தம்மா நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க. "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு மேடம், கேட்டா இல்லன்னு சாதிக்கறாரு, நேத்து காப்பி டம்ளரை கையில குடுத்தா பாதி லுங்கி மேல தான்." அவரு "சத்தியமா இல்ல மேடம், தொட்டே ஒம்போது வருஷம் ஆச்சு"ங்கறாரு, ஆனா அதைச் சொல்லும்போதே நாக்கு குழறுது, அதைக் கேட்டு அந்தம்மா என்னைப் பாத்து "பாத்தீங்களா"ங்கற மாதிரி ஒரு பார்வை. பாவம், அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, பழைய அனுபவம் அப்படி.

வாசனை எதுவும் இல்ல. தரையில டைல்ஸ் கோடு இருக்கில்ல, அது மேல ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதத்தை ஒட்டி வெச்சு நடங்கன்னேன். ரெண்டாவது அடியிலயே சுவத்தைப் புடிச்சுட்டாரு. சும்மா நடக்கச் சொன்னா ஓடற டவுன் பஸ்ல நிக்கற மாதிரி காலை அகட்டி வெச்சு நடக்கறாரு. என் விரலைத் தொட்டுட்டு உங்க மூக்கைத் தொடுங்கன்னா விரல் கிட்ட வரவர ஆட்டம் ஜாஸ்தியாகி கன்னத்துல போய் நிக்குது. கை நடுக்கமும் லேசா இல்ல, தூக்கித் தூக்கிப் போடுது. இது முட்டி பண்ற வேலை இல்ல, பேலன்ஸைப் பாத்துக்கற சிறுமூளை சம்பந்தப்பட்டதுன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு.

மாத்திரை எல்லாத்தையும் எடுங்கன்னேன், மஞ்சப்பைய கவுத்துக் கொட்டினாங்க. லித்தியம் 300 மில்லிகிராம், நாளைக்கு மூணு, பல வருஷமா. அதுல ஒரு பிரச்சனையும் வந்ததில்ல, நல்லா இருந்திருக்காரு. புதுசா ஒரு மாசத்துக்கு முன்னாடி பிபி மாத்திரை, டெல்மிசார்டன் கூட நீர் மாத்திரையும் சேந்தது. எழுதிக் குடுத்தவர்கிட்ட இவங்க லித்தியம் பத்தி வாயே திறக்கல. பிபின்னதும் வீட்ல உப்பையும் சுத்தமா குறைச்சுட்டாங்க. முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின டைக்ளோபெனாக், பேப்பர் கவர்ல உதிரியா. போதாக்குறைக்கு நாலு நாளா வயித்துப்போக்கு, அந்த வெயில்ல வேலைக்கும் போயிருக்காரு.

இதுல ஒண்ணு போதும் லித்தியம் அளவு ஏற. இவருக்கு எல்லாம் ஒண்ணா சேந்துடுச்சு.

ஏன் ஏறுதுன்னு கேட்டா, லித்தியமும் ஒரு உப்பு தான். கிட்னிக்கு சோடியத்தையும் லித்தியத்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. உடம்புல உப்பும் தண்ணியும் குறைஞ்சா, அடடா உப்பு போகுதேன்னு கிட்னி புடிச்சு வெச்சுக்கும், கூடவே லித்தியத்தையும் சேத்து புடிச்சு வெச்சுக்கும். பேதி, வாந்தி, வேர்வை, திடீர்னு உப்பைக் குறைக்கறது, சாப்பாடு தண்ணி இல்லாம விரதம் இருக்கறது எல்லாமே இந்தக் கணக்கு தான். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் மாதிரி வலி மாத்திரைங்களும் சில பிபி மாத்திரைங்களும் லித்தியம் யூரின்ல வெளிய போறதையே குறைச்சுடும்.

இதுல ஒரு பழைய கதை இருக்கு. ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கற டாக்டர், வெறி மாதிரி வர்ற அந்த மேனியாவுக்கு லித்தியம் கேக்குதுன்னு எழுதினது 1949ல. அதே 1949ல அமெரிக்காவுல, உப்பு சேக்கக் கூடாதுன்னு சொன்ன இதய நோயாளிங்களுக்கு சோத்து உப்புக்கு பதிலா லித்தியம் குளோரைடை வித்தாங்க, அளவு கிளவு எதுவும் இல்லாம தூவிச் சாப்பிட்டதுல சில பேர் செத்தே போய் அதைத் தடை பண்ணாங்க. ஒரே பொருள், ஒரே வருஷம். அளவு தான் வித்தியாசம். 

அந்த அளவு ரொம்ப நெருக்கமான அளவு. தொடர்ந்து சாப்பிடறவங்களுக்கு ரத்தத்துல லித்தியம் லெவலை (லிட்டருக்கு இத்தனை மில்லிமோல்னு கணக்கு) பொதுவா 0.6லருந்து 1.0 வரைக்கும் வெச்சுக்கறாங்க, 1.5 தாண்டினா ஆபத்து, 2க்கு மேல போனா வலிப்பு, நினைவு தப்பறது வரைக்கும் போகலாம். வயசானவங்களுக்கு கம்மி அளவுலயே கூட தள்ளாட்டம் வரும். ரத்தம் எடுக்கறது கடைசியா மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, அதாவது ராத்திரி போட்டுட்டு காலைல மாத்திரை போடாம போய் குடுக்கணும், இதை மாத்திப் பண்ணிட்டு நம்பரைப் பாத்து பயந்து வர்றவங்களும் உண்டு.

நம்மாளுக்கு அப்புறம் பாத்தப்ப 2.1. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச மனநல டாக்டருக்கு அங்கருந்தே போன் போட்டேன், கரண்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னாரு. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏத்தி, அஞ்சு நாள் வெச்சிருந்தாங்க. டயாலிசிஸ் வரைக்கும் போகல. லேட்டா வர்ற சில பேருக்கு ரத்தத்துல லித்தியம் எறங்கினாலும் சிறுமூளைல ஆன சேதம் எறங்காது, தள்ளாட்டமும் குழறலும் அப்படியே நின்னுடும். குடிக்கறாருன்னு சண்டை போட்டுட்டு இன்னும் ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா எனக்கே பக்குனு இருக்கு.

இதுக்காக கை நடுங்கினாலே பயப்படாதீங்க. லித்தியத்துல மெல்லிசா விரல் நுனி நடுங்கறது நிறைய பேருக்கு இருக்கும், டீ கப்புல அலை அடிக்கும் அவ்ளோ தான். அது பெருசாகி, கூடவே குழறலோ, நடை மாறறதோ, வாந்தி பேதியோ, தூக்கக் கலக்கமோ சேந்தா அன்னைக்கே போகணும். வால்ப்ரோயேட்டும் கை நடுங்க வைக்கும். மனநோய்க்குக் குடுக்கற வேற சில மாத்திரைல உடம்பு வெறைச்சு, கை வீசாம, சின்னச் சின்ன அடியா வெச்சு நடப்பாங்க. குவெட்டியாபின்னு இன்னொரு மனநோய் மாத்திரை, அதைப் போட்டவங்களுக்குப் படுத்து டக்குனு எழுந்தா பிரஷர் எறங்கும். லித்தியத்தால ராத்திரி ரெண்டு மூணு தடவை யூரினுக்கு எழுந்திருக்கறவங்க இதையும் சேத்து போட்டா இருட்டுல பாத்ரூம் வாசல்ல தான் விழுவாங்க, நான் பாத்த இடுப்பு அடிங்க ரெண்டு அப்படி வந்தது தான். எழுந்ததும் கட்டில் ஓரமா ஒரு நிமிஷம் உக்காருங்க, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்.

நானும் கோட்டை விட்டிருக்கேன். வேலைக்கு வந்த புதுசுல ஒரு அம்மா, படில எறங்கும்போது கால் தப்புதுன்னு வந்தாங்க, "படி ரெண்டு ரெண்டா தெரியுது கண்ணு"ன்னு தெளிவா சொன்னாங்க, நான் கண்ணாடிய மாத்துங்கம்மான்னு சொல்லிட்டு மூணு வாரம் எக்சர்சைஸ் குடுத்துட்டு இருந்தேன். அவங்க சாப்பிட்டுட்டு இருந்த கார்பமாசிபின் (வலிப்புக்கும் பைபோலாருக்கும் குடுக்கற மாத்திரை) அளவு கூடினா ரெட்டைப் பார்வையும் தள்ளாட்டமும் வரும்னு அப்ப எனக்கு மண்டைல ஏறல. மாத்திரை அட்டைய கேக்கவே இல்ல நான்.

சரி, மாத்திரை தான் காரணமா, வியாதிக்குப் பங்கே இல்லயான்னா, இருக்கு. 2011ல அமெரிக்காவுல இந்தியானா பல்கலைக்கழகத்துக்காரங்க பைபோலார் உள்ளவங்களை ஒரு பலகை மேல சும்மா நிக்க வெச்சு உடம்பு எவ்ளோ அசையுதுன்னு அளந்தாங்க, மத்தவங்களை விட இவங்க அசையற பரப்பு கூட இருந்துச்சு. சின்ன ஆய்வு தான், மாத்திரையோட பங்கையும் முழுசா ஒதுக்கிட முடியாது. என் அனுபவத்துல மனசு ஏறுமுகமா இருக்கும்போது உடம்பை விட அவசரம் முன்னாடி ஓடும், கதவு நிலைல தோளை இடிச்சுப்பாங்க, இறங்குமுகத்துல கால் தரையோட தேய்ஞ்சுட்டு வரும், தூக்கம் கெட்ட நாள்ல எல்லாமே கைதவறும். அதனால நான் மொதல்ல கேக்கற கேள்வி "எப்பலருந்து?". சின்ன வயசுலருந்தே கை தவறற ஆளுன்னா அது வேற, போன வாரத்துலருந்துன்னா வேற.

நம்ம மாவட்டத்துல இன்னொரு குழப்பமும் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுலயும் போர் தண்ணில ஃபுளோரைடு, ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அதைக் குடிச்சு முட்டி, முதுகு எல்லாம் வெறைச்சவங்க நிறைய. அதனால யாரு நடை மாறினாலும் "உப்புத் தண்ணி குடிச்ச உடம்பு"ன்னு விட்டுடறாங்க. ஃபுளோரைடு பொதுவா வலியும் வெறைப்பும் தான், மெதுவா வருஷக்கணக்குல வரும். ஒரு வாரத்துல தள்ளாட வைக்காது.

இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். லித்தியத்தை டக்குனு விட்டா மேனியா திரும்பி வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, தற்கொலை எண்ணத்தைக் குறைக்கறதுல அதுக்கு இருக்கற பேரு வேற மருந்துக்கு அவ்வளவா இல்ல. தள்ளாட்டம், குழறல்னு மேல சொன்ன அறிகுறி இருந்தா அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க, ராத்திரியா இருந்தா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. லித்தியம் லெவல், கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற ரத்த டெஸ்ட்), தைராய்டு மூணும் அவர் சொல்ற இடைவெளில பாத்துக்கங்க. பல் புடுங்கப் போனா கூட லித்தியம்னு சொல்லுங்க. வலிக்கு பொதுவா பாராசிட்டமால் பரவால்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதி வாங்கிட்டு வந்துட்டு அப்புறம் பஸ் செலவுக்கு யோசிச்சு செக்கப் போகாம அதே சீட்டை வெச்சு வருஷக்கணக்கா வாங்கறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர், மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயே மனநலப் பிரிவு இருக்கு, அங்க காட்டலாம். மனசு சம்பந்தமா பேச 14416, இலவசம்.

அவரு ஆஸ்பத்திரிலருந்து வந்தப்புறம் ஆறு வாரம் என்கிட்ட வந்தாரு. சுவரோரமா ஒத்தைக் கால், டைல்ஸ் கோடு, அப்புறம் டம்ளர்ல முக்கால் தண்ணி ஊத்தி அதைப் புடிச்சுட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வர்றது. பின்னாடி பட்டை வெச்ச செருப்பு வாங்கிப் போட்டாங்க அந்தம்மா. கடைசி நாள் டம்ளரை மேசைல வெக்கும்போது ரெண்டு சொட்டு சிந்துச்சு, நான் வாயத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா முந்திக்கிட்டாங்க, "அது பழைய நடுக்கம் மேடம், அது எனக்குத் தெரியும்."