ஃபாலோ ஃபோகஸ்: எது எதைத் தொடர்கிறது?

கேமரா லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை நேரடியாகத் தொடாமல் திருப்ப உதவும் கருவிக்குப் பெயர் ஃபாலோ ஃபோகஸ். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது, வீட்டிலேயே கம்பியில்லாமல் எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. வளையத்தைச் சுற்றி ஒரு பற்பட்டை, அதைக் கடித்துக்கொண்டு ஒரு பற்சக்கரம், சக்கரத்தைச் சுழற்ற ஒரு குமிழ், அவ்வளவுதான். நடிகர் கேமராவை நோக்கி நடந்து வந்தால் தூரம் குறைந்துகொண்டே வரும். அதற்கேற்ப வளையமும் திரும்பியாக வேண்டும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்து 2 மீட்டர் தள்ளி நிற்பவரைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ.தான். அவர் லேசாக முன்னால் சாய்ந்தாலே கண் மங்கி, காது தெளிந்துவிடும். இதைக் கவனிக்கவே படப்பிடிப்பில் ஃபோகஸ் புல்லர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார்.

ஃபோகஸ் லத்தீன் சொல். பொருள், அடுப்பு. நீள்வட்டம், பரவளையம் போன்ற வளைவுகளுக்குள் இருக்கும் அந்தச் சிறப்புப் புள்ளிக்கு இந்தப் பெயரை வைத்தவர் கெப்ளர்; 1604இல் வந்த அவருடைய ஒளியியல் நூலில் இருக்கிறது. சூரியக் கதிர் கூடுகிற இடத்தில் பஞ்சு பற்றிக்கொள்ளுமே, அடுப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் அதை எரிபுள்ளி என்றே சொல்கிறார்கள். தமிழ் நெருப்பை விட்டுவிட்டுக் கதிர்கள் ஒன்றுசேர்வதை எடுத்துக்கொண்டது: குவியம். மொட்டு குவிகிறது, கை குவிக்கிறோம், அந்தக் குவிதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் குவியத் தொலைவு, இலங்கையில் குவியத்தூரம். இரண்டுமே நன்றாக ஊன்றிவிட்ட சொற்கள்.

சிக்கல் ஃபாலோவில்தான். அவசரமாக மொழிபெயர்த்தால் ‘குவியத்தொடரி’ என்று வரும். குவியத்தைத் தொடர்வது என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள முடியும். நடப்பது அதுவல்ல. ஆள் முன்னே போகிறார், குவியம் அவரைத் தொடர்கிறது. ஆகவே தொடர்குவியம் என்பதே என் தேர்வு. தொடர்கதை, தொடர்வண்டி போல இதுவும் வினைத்தொகை. புதிதாக எதையும் கற்க வேண்டாம். கருவியைத் தனியாகச் சுட்ட வேண்டுமானால் தொடர்குவியக் கருவி.

சரி, தள்ளி நின்றே இயக்கும் வயர்லெஸ் ஃபாலோ ஃபோகஸை என்னவென்பது? நம் ஊரில் வயர்லெஸ் என்றாலே போலீஸ்காரர் கையில் கரகரக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். கம்பியில்லா என்ற சொல் கம்பியில்லாத் தந்தி காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. வீட்டில் செய்யும் கம்பியில்லாத் தொடர்குவியக் கருவியைத் திறந்து பார்த்தால் உள்ளே கம்பிகளுக்குக் குறைவே இருக்காது என்பது வேறு விஷயம். கம்பி இல்லாதது கைக்கும் லென்ஸுக்கும் நடுவில் மட்டும்.

கையில் இருக்கும் பெட்டியில் குமிழோடு சேர்ந்த ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் உறுப்பு. குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஆர்டுயினோ என்ற சிறு கணினி அட்டை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகப் படிக்கும். என்ஆர்எஃப்24எல்01 என்ற சிறு ரேடியோ அட்டை அந்த எண்ணை 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும். கேமராப் பக்கம் இன்னோர் ஆர்டுயினோ அதை வாங்கி, சொன்ன கோணத்தில் போய் நிற்கும் செர்வோ மோட்டாரைத் திருப்பும்; மோட்டார் பற்சக்கரத்தைச் சுழற்றும். ரேடியோ அட்டைக்கு 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். அட்டைக்கு மின்சாரம் வரும் இரு முனைகளுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் சமிக்ஞை அறுந்து அறுந்து வரும் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பற்சக்கரத்தில் பல்லின் அளவை மாட்யூல் என்பார்கள்; சக்கரத்தின் பல்வட்ட விட்டத்தை (பற்கள் கடிக்கும் வட்டத்தின் விட்டத்தை) மி.மீ.யில் எடுத்துப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் அது. சினிமா லென்ஸ்களில் வழக்கமானது 0.8. அதாவது 40 பல் வைத்த சக்கரத்தின் பல்வட்ட விட்டம் 32 மி.மீ. இருக்கும். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) சக்கரம் செய்பவர்கள் இந்த எண்ணை மாற்றாமல் இருந்தால், பின்னால் கடையில் வாங்கும் பற்பட்டையும் பொருந்தும்.

மோட்டார் வாங்குமுன் லென்ஸைப் பார்த்துவிடுங்கள். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமராக்களுக்கான பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மின்சமிக்ஞை வழியாகத்தான் கண்ணாடி நகரும். அவற்றில் பலவற்றில் வளையத்தை மெதுவாகத் திருப்பினால் ஒரு தூரம், வேகமாகத் திருப்பினால் வேறு தூரம். எந்தத் தூரத்துக்கு எங்கே திருப்ப வேண்டும் என்று குமிழில் பென்சிலால் போட்ட குறிக்கு அங்கே மதிப்பே இல்லை. பழைய கைமுறை லென்ஸ் ஒன்று கிடைத்தால் வேலை சுலபம்.