பெனால்டி உதையில் கால் ஏன் தடுமாறுகிறது?

கால்பந்தில் கோல் வாயிலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து இருப்பது 11 மீட்டர் தூரத்தில். தடுக்க ஒரே ஒரு ஆள். பயிற்சியில் எத்தனை முறை அடித்தாலும் உள்ளே போகிற பந்துதான் இது. ஆனாலும் 1990 முதல் 2012 வரை, உலகக் கோப்பையிலும் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பையிலும், சமனில் முடிந்த ஆட்டத்தை மாறி மாறிப் பெனால்டி அடித்துத் தீர்மானிக்கும் ஷூட் அவுட்டை 7 முறை ஆடிய இங்கிலாந்து, 6-இல் தோற்றது. பதற்றம் திறமையை எப்படிக் குலைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பழைய ஷூட் அவுட் வீடியோக்களை நொடிக்கணக்கில் அளந்து பார்த்தார். நடுவர் விசில் ஊதியதும் எல்லோரையும்விட அவசரமாக ஓடத் தொடங்கியவர்கள் இங்கிலாந்து வீரர்கள்தான். பந்தை வைத்துவிட்டு கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டித் திரும்பும் பழக்கமும் அவர்களிடம் இருந்தது. 'சீக்கிரம் அடித்துத் தொலைத்துவிடலாம்' என்ற நினைப்பின் வெளித்தோற்றம் அது. இதைக் கோழைத்தனம் என்பது அபத்தம். எந்த உடம்பும் தாங்க முடியாத நிலையிலிருந்து தப்பிக்கத்தான் பார்க்கும்.

உள்ளே நடப்பது இதுதான். ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய அசைவை சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்களும் தாமாகவே நடத்துகின்றன. பதற்றம் வந்ததும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணுக்காலை இறுக்கினேனா, உடம்பு பின்னால் சாய்கிறதா என்று ஒரே ஓட்டமாக இருந்த அசைவைத் துண்டுதுண்டாக்கிச் சரிபார்க்கிறது. வருஷக்கணக்காகக் கோலம் போடுபவரின் பக்கத்தில் நின்று, அடுத்த இழை எந்தப் புள்ளியைச் சுற்றும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கை தடுமாறுமே, அதே கதைதான். கண்ணும் சதி செய்யும். பதறும் வீரர் கோல்கீப்பரையே அதிக நேரம் பார்க்கிறார். பந்தும் கோல்கீப்பரின் கைக்கு எட்டும் இடத்துக்கே போகிறது.

தேர்விலும் நேர்முகத்திலும் நடப்பது வேறு. அங்கே கவனம் கூடிப்போவது சிக்கல் இல்லை, குறைந்துபோவதுதான் சிக்கல். கணக்கின் இடைவிடைகளைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மூளையின் சிறிய இடத்தை 'ஃபெயில் ஆனால் என்ன ஆகும்' என்ற கவலை அடைத்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எல்லோருக்கும் 'ஃபோகஸ் பண்ணு' என்று சொல்வதுதான் மனவலிமை வகுப்புகள் பலவற்றின் கோளாறு. பெனால்டி அடிப்பவரிடம் அதைச் சொன்னால் நிலைமை மோசமாகத்தான் போகும்.

உடல் திறன் சார்ந்த வேலைக்கு, கவனத்தை உடம்புக்கு வெளியே ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும். வலையின் எந்த மூலை என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, பந்தை வைத்ததும் அந்த மூலையை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு பந்தை மட்டும் பார்ப்பது நல்லது. ஓடி வரும்போது முடிவை மாற்றக்கூடாது.

மூச்சுக்கும் நேரம் இருக்கிறது. வீரர்கள் காத்திருக்கும் நடுக்கோட்டிலிருந்து பந்துவரை சுமார் 40 மீட்டர், அரை நிமிட நடை. 4 நொடி மூக்கால் உள்ளே, 6 நொடி வெளியே என்று அந்த நடையிலேயே மூன்று மூச்சு முடிந்துவிடும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். பலர் செய்யும் தவறு, பெரிது பெரிதாக வேகமாக இழுப்பது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை லேசாகி, விரல் நுனி மரத்துப்போகும்; பதற்றம் கூடிவிட்டதாகத் தோன்றும். தினமும் 5 நிமிடம் அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் களத்தில் இது கைகொடுக்கும்.

தேர்வுக்கு மருந்து வேறு. 2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயத்தை ஒளிக்காமல் எழுதிய மாணவர்கள் மேலாகச் செய்தார்கள். அதிகம் பதறுபவர்களுக்கே பலன் அதிகம். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. படபடப்பை அடக்கப் போராடுவதைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வது மேடைப் பேச்சிலும் கணக்கிலும் உதவியதாக 2014-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்று காட்டியது. சொல்லிப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர் கேரத் சவுத்கேட், பின்னாளில் அதே அணியின் பயிற்சியாளராகி 2018 உலகக் கோப்பைக்கு ஷூட் அவுட்டைத் தனிப் பாடமாகவே நடத்தினார். அவசரப்படக்கூடாது என்பது அதில் முக்கியமானது. மாஸ்கோவில் கொலம்பியாவை 4-3 என்று இங்கிலாந்து வென்றது. 2021 யூரோ இறுதியில் இத்தாலியிடம் மறுபடி தோற்றதும் உண்மை; தயாரிப்பு வாய்ப்பைக் கூட்டும், முடிவை எழுதித் தராது. அன்று பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர் புகாயோ சாகா, 2024 யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டில் கோல் அடித்தார்.

பயிற்சியில் பதற்றத்தைக் கொஞ்சம் கலக்க வேண்டும், கொஞ்சம்தான். ஒரே ஒரு வாய்ப்பு, பார்க்க நாலு பேர், ஃபோனில் வீடியோ, தோற்றால் மைதானத்தை ஒரு சுற்று ஓட்டம். அளவு மீறினால், தோற்றுத் தோற்று பயமே பழக்கமாகிவிடும். பத்துக்கு ஏழெட்டு முறையாவது சரியாக வருகிற நிலையில் நிறுத்தி, அது சலித்துப்போன பிறகு அடுத்த சுமையை ஏற்றலாம். நேர்முகத் தேர்வுக்கும் அப்படித்தான்: முதலில் நண்பர் ஒருவர் கேள்வி கேட்கட்டும், பிறகு முன்பின் தெரியாத ஒருவர், அதன் பிறகு மூன்று பேர் கொண்ட குழு.