சாம்பலில் முளைத்த பச்சையைக் காடு என்று எண்ணாதீர்கள்

தீயில் எரிந்த புதர்க்காட்டில் பச்சை படர்ந்திருக்கும் படத்தைக் கைபேசியில் காட்டி, "காடுதான் மீண்டுவிட்டதே, இன்னும் ஏன் காப்பகப் பாதையை மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியே சலித்துவிட்டது. இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது முறை.

அந்தப் பச்சை பெரும்பாலும் ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்னும் பாசி. (குளத்துப் பாசியன்று; நிலத்தில் வளரும் மாஸ். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே எங்களுக்குத் தனி வேலை.) உலகின் பெரும்பாலான நாடுகளில் மலிந்து கிடக்கும் இதற்குச் சாம்பல் படிந்த வெற்று மண் என்றால் கொண்டாட்டம். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், காய்ந்தபோது முறுக்கிக்கொண்டு, ஈரம் பட்டதும் முறுக்கவிழ்ந்து சுழலும் மெல்லிய காம்புகளும், அவற்றின் நுனியில் கவிழ்ந்து தொங்கும் ஸ்போர்ப் பைகளும் தெரியும் (ஸ்போர் என்பது விதைபோல் பரவி முளைக்கும் நுண்துகள்). ஸ்போர்களைக் காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே அது முளைத்திருப்பது அங்கே தீ எரிந்தது என்பதற்குத்தான் சான்று; காடு தேறிவிட்டது என்பதற்கு அன்று. இல்லவே இல்லை!

கில்பர்ட் பொட்டோரூ என்னும் சிறு விலங்குக்கோ, இப்படிக் காற்றில் வந்து சாம்பலில் குடியேறும் வசதி இல்லை. ஒரு கிலோ அளவே எடையுள்ள இந்தப் பைப்பாலூட்டி (கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது), நூறாண்டுக்கும் மேலாக அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1994-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி நகருக்குக் கிழக்கே, டூ பீப்பிள்ஸ் பே காப்பகத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. 2015 நவம்பரில் மின்னல் மூட்டிய தீ, அங்கிருந்த அதன் வாழிடத்தில் பெரும்பகுதியை எரித்தது. 2005 முதலே சிலவற்றைப் பால்ட் தீவில் கொண்டுபோய் விட்டிருந்ததால், மொத்த இனமும் ஒரே தீயில் சிக்கவில்லை. அது தின்பதெல்லாம் ஏறக்குறைய மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சைகள்தாம். அவையோ உயிருள்ள புதர்களின் வேர்களோடு இணைந்து வளர்பவை. புதர் கருகினால் உணவும் போயிற்று, நரிக்கும் பூனைக்கும் தப்பி ஒளிய இடமும் போயிற்று. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி ஈனும் விலங்குக்கு, பல்லாண்டுகள் தீத் தீண்டாத அடர்ந்த புதர் வேண்டும். பாசி மெத்தை போதாது.

"ஒரே ஒரு படம்" என்று மூடிய பாதைக்குள் நுழையாதீர்கள். இளகிய சாம்பல் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பாசிதான். அதை மிதித்துக் கிளறினால் அடுத்த மழையில் மண் போய்விடும். நாயை அழைத்து வராதீர்கள்; "எங்கள் நாய் சாது" என்பதைப் பொட்டோரூ அறியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலணியில் ஒட்டிய மண்ணோடு உள்ளே வராதீர்கள். ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்னும் வேரழுகல் நோய்க்கிருமி அந்த மண்ணில்தான் பயணம் செய்கிறது. தீக்குத் தப்பிய புதரையும் அது கொன்றுவிடும். காலணியின் அடியைத் தூரிகையால் தேய்த்துத் துடைக்க ஒரு நிமிடம் போதும். தயவுசெய்து அதையாவது செய்யுங்கள்.